நாலு கோடிக் கொழுந்து

கல்யாணமான புதிதில், தேங்காய்ப்பூ போட ஒரு கிண்ணம் தேடி என் மாமியாரின் அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. கனமாக இருந்ததால் உள்ளே ஏதோ பலகாரம் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே முழுக்க லொத்தர் பரிசுச் சீட்டுகள். கட்டுக்கட்டாக ரப்பர் பட்டி போட்டு, ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு தாள் துண்டில் வருசம் எழுதியிருந்தது.

"இதெல்லாம் விழுந்த சீட்டா அத்தை?" என்று கேட்டேன்.

"விழுந்திருந்தா நான் ஏன் டீச்சர் இன்னும் மலைக்குப் போறேன்?" என்று சிரித்தார். "எல்லாம் விழாததுதான். விழலன்னாலும் நம்ம ஆசையா வாங்கினது. எறிய மனசு வரல."

என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் பதுளை டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். என் அப்பாவுக்கு டவுனில் துணிக்கடை. தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து போட்ட கடை. தீபாவளிக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். சேலையை விரித்துக் காட்டியிருக்கிறேனே தவிர, அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குள் இருபத்தொன்பது வயது வரை நான் காலடி வைத்ததில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். கூடப் படிப்பித்த ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்ட பிறகுதான், நமுனுகுல மலைச் சரிவில் இருந்த அவருடைய அம்மாவின் லயத்துக்குப் போனேன். எங்கள் வீட்டில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். அத்தை ஒரு நாளும் சுளிக்கவில்லை. ஆனால் மருமகளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் டீச்சர் என்று கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

அத்தை கொழுந்து பறிப்பவர். பதினெட்டு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தவர். அவருக்கு ஒரு ஜமா உண்டு, பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்தெடுக்கும் மூன்று பெண்கள். அதில் மேல் லயத்திலிருந்து வரும் ஒரு அக்கா நெட்டையாக, பெரிய குரலோடு, எதற்கும் ஒரு மறுகேள்வி வைத்திருப்பார். மற்ற இரண்டு பேரும் அவர் பேசினால் தலையாட்டுவார்கள். நால்வரும் சேர்ந்து வாரத்துக்கு ஒரு சீட்டு வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வருகிறவர் பஸ் ஸ்டாண்டில் குடைக்குக் கீழே சீட்டுப் பலகை வைத்திருக்கும் சிங்கள ஐயாவிடம் வாங்குவார். அந்த ஐயாவுக்கு இவர்களோடு பேசிப் பேசியே நல்ல தமிழ் வந்திருந்தது. பலகையில் குத்தியிருக்கும் சீட்டுகளில் யாராவது கனவில் கண்ட இலக்கமோ, புதிதாகப் பிறந்த பிள்ளையின் தேதியோ இருக்கிறதா என்று பார்த்து எடுப்பார்கள். அதுவரைக்கும் அது ஒரு விளையாட்டு. நானும் அதில் தலையிட்டதில்லை.

விளையாட்டு பெரிதானது இரண்டு வருசத்துக்கு முன்னால். தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண் ஒருவருக்குப் பெரிய பரிசு விழுந்துவிட்டது என்று ஒரு கதை வந்தது. அந்தப் பெண் மறுநாளும், காலையில் பேர் போட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்கு வந்து நின்றாராம், கங்காணி பேர் கூப்பிட்டபோது "இன்னைக்கு எனக்குப் பேர் வேணாம், சும்மா எல்லாரையும் பாத்துட்டுப் போக வந்தேன்" என்றாராம். கேட்கவே நன்றாக இருந்தது. லயம் முழுக்க அந்த ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எனக்குச் சந்தேகம். என் வகுப்பில் பல தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தெமோதரையிலிருந்து வரும் பிள்ளையைக் கேட்டேன். "எங்க தோட்டம் இல்ல டீச்சர், அது மடுல்சீமையில" என்றாள். மடுல்சீமைப் பிள்ளையைக் கேட்டால், "நமுனுகுலன்னு சொன்னாங்களே டீச்சர்" என்றாள். கதை ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

இதை அத்தையிடம் சொல்ல நினைத்திருந்த வாரத்தில்தான் என் கணவர் முகம் வாடி வந்து நின்றார்.

"அம்மாவும் அவங்க ஜமாவும் தீபாவளி அட்வான்ஸ்ல அம்பது சீட்டு வாங்கப் போறாங்களாம். தீபாவளிக்குப் பெரிய சீட்டிழுப்பு இருக்காம். நாலு பேருக்கும் உடுப்பு இல்ல, பலகாரம் இல்ல, எல்லாம் சீட்டுத்தான்."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். உனக்குச் சேலை வேணுமாடான்னு கேக்குறாங்க. நீ கணக்கு டீச்சர்தானே, நீயே வந்து சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. தடித்த மார்க்கர் பேனாவும் பழைய கலண்டர் ஒன்றும் கொண்டுபோனேன். நால்வரும் இஸ்தோப்பில், அதாவது லயத்து முன்வாசல் தாழ்வாரத்தில், பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் கலண்டர் தாளைத் திருப்பிச் சுவரில் ஒட்டினேன். ஏதோ விசேஷம் என்று பக்கத்து வீட்டுக் காம்பராக்களிலிருந்தும் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் வாங்க நினைத்த சீட்டில் ஒரு ஆங்கில எழுத்தும் எண்பதுக்குள் நாலு இலக்கமும் இருக்கும். எல்லாம் பொருந்தினால்தான் பெரிய பரிசு. எத்தனை விதமாக அந்த எழுத்தும் இலக்கமும் சேரலாம் என்று வகுப்பில் செய்வதுபோலப் பெருக்கிக் காட்டினேன். கடைசியில் வந்தது நாலு கோடியே பதினொரு லட்சத்து இருபத்தோராயிரத்து எண்பது. அதைப் பெரிதாக எழுதி இரண்டு கோடு அடித்தேன்.

"இத்தனைல ஒண்ணுதான் அத்தை விழும்."

எல்லோரும் தாளைப் பார்த்தார்கள். மேல் லயத்து அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "டீச்சருக்கு என்னா அழகா எழுத்து!"

சரி, இது போகாது என்று புரிந்தது. வேறு விதமாகச் சொன்னேன். இந்த இலங்கையில் இருக்கிற எல்லாச் சனமும், கைக்குழந்தை உட்பட, ஆளுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு சீட்டு எடுத்தால், அத்தனை பேரிலும் ஒருவருக்குத்தான் என்றேன்.

"அப்ப ஒருத்தருக்கு விழும்தானே?" என்றார் அந்த அக்கா.

"விழும்."

"அந்த ஒருத்தர் நானா இருக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா டீச்சர்?"

எழுதியிருக்கவில்லைதான். பதினைந்து வருசமாக நிகழ்தகவு படிப்பிக்கிறவள் நான். மார்க்கரின் மூடியைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றேன். அத்தைக்கு என்னைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. "டீச்சர் இவ்வளவு தூரம் வந்து சொல்றாங்கல்ல, கொஞ்சம் கேளுங்களேன்" என்று தோழியை அதட்டினார்.

மூன்றாவதாக அரிசியைப் பிடித்தேன். ஒரு கிலோ அரிசியில் ஐம்பதாயிரம் மணி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு கோடி மணிக்கு எண்ணூறு கிலோவுக்கு மேல் வேண்டும், பதினாறு மூட்டை அரிசி என்றேன். அதில் ஒரே ஒரு மணிக்கு மஞ்சள் பூசியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"பதினாறு மூட்டதானா?" என்றார் அக்கா ஏமாற்றத்தோடு. "நான் என்னமோ மலையளவுன்னு நெனச்சேன். நம்ம கோயில் திருவிழாவுக்கே அஞ்சு மூட்ட ஆகுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய? மார்க்கரை மூடி வைத்துவிட்டுப் பிளேன்டீயை எடுத்தேன். அப்போது அந்த அக்காவே, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "அரிசியெல்லாம் எங்க டீச்சர் எண்ணியிருக்கோம்? ஒலையில போடுறதோட சரி. எங்க கைக்குத் தெரிஞ்சது கொழுந்துதான். கொழுந்துல சொல்லுங்களேன்" என்றார்.

ஒரு கிலோ கொழுந்தில் எத்தனை கொழுந்து இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். ஆச்சரியம், அவர்களுக்கும் தெரியவில்லை. நாள்தோறும் நிறுத்துக் கொடுக்கிறார்கள், ஒருவரும் எண்ணியதில்லை. "எண்ணிப் பாத்துட்டாப் போச்சு" என்று அத்தை எழுந்தார்.

லயத்துக் கடைசியில், மரக்கறித் தோட்டத்தின் ஓரம், யாரும் கவனிக்காமல் விட்ட நாலைந்து தேயிலைச் செடிகள் நின்றன. மூன்று பேர் போய் இரண்டு நிமிடத்தில் ஒரு மடி கொழுந்தோடு வந்தார்கள். தோட்டத்து வாசலில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா தராசைத் தூக்கிக்கொண்டு அவரே வந்துவிட்டார், என்ன நடக்கிறது என்று பார்க்க. நூறு கிராம் நிறுத்துப் பாயில் கொட்டி எண்ணினோம். இரண்டு இலையும் ஒரு அரும்பும் சேர்ந்தால் ஒரு கொழுந்து.

ஆளுக்கு ஒரு குவியல். அத்தை தன் குவியலை மூன்று தடவை எண்ணினார், மூன்று தடவையும் வேறு வேறு தொகை வந்தது. ஒவ்வொரு கொழுந்தையும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். என்ன அத்தை என்று கேட்டதற்கு, "வெளிச்சம் பத்தல" என்றார். உச்சி வெயில் இஸ்தோப்பு வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. நான் அதை மனதில் போட்டுக்கொண்டேன். அவர் குவியலை நானே எண்ணினேன்.

மொத்தம் நூற்றைம்பத்து மூன்று. கிலோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு என்று வைத்தோம். ஒரு நாளைக்கு இருபது கிலோ என்று அவர்கள் சொன்னார்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு முப்பதாயிரம் கொழுந்து. வருசத்துக்கு இருநூற்றைம்பது நாள் வேலை கிடைக்கும். நான் கலண்டர் தாளில் பெருக்கிக்கொண்டே போனேன். இந்தத் தடவை ஒருவரும் எழுத்தைப் பார்க்கவில்லை, இலக்கத்தைப் பார்த்தார்கள்.

"நீங்க ஒருத்தர் அஞ்சரை வருசம் எடுக்குற கொழுந்து முழுக்க ஒரே எடத்துல கொட்டிக் கெடக்குன்னு நெனச்சுக்குங்க" என்றேன். "அதுல ஒரே ஒரு கொழுந்துல செவப்பு நூல் கட்டியிருக்கு. உங்க கண்ணைக் கட்டி விட்டிருக்கு. நீங்க கைய விட்டு ஒரே ஒரு கொழுந்து எடுக்கலாம். அதுதான் ஒரு சீட்டு."

மேல் லயத்து அக்காவின் விரல்கள் மடியில் தானாக அசைந்தன, கொழுந்து கிள்ளுகிற மாதிரி. ஐந்தரை வருசம் என்றால் என்ன என்று அந்த விரல்களுக்குத் தெரியும். மழையில் நனைந்த நாளும், அட்டை கடித்த நாளும், காய்ச்சலோடு போன நாளும் அதற்குள் இருக்கிறது.

"அம்பது சீட்டு வாங்கினா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அம்பது கொழுந்து எடுக்கலாம்."

அவர் பாயிலிருந்து கொழுந்தை அள்ளினார். எண்ணவில்லை. கைக்குத் தெரிந்த அளவில் ஒரு பிடி. அதை விரித்துப் பார்த்தார். "ஒரு பிடி" என்றார். "அஞ்சரை வருசத்துல ஒரு பிடி." பிறகு என்னைப் பார்த்து, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல டீச்சர், சும்மா அரிசி அது இதுன்னு" என்றார்.

ஐம்பது சீட்டுக் கதை அந்த இடத்திலேயே முடிந்தது. நான் வெற்றி பெற்ற மகிழ்ச்சியில் கலண்டரைச் சுருட்டப் போனேன். அத்தை தடுத்தார்.

"இருங்க. நான் பேர் பதிஞ்ச நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும் எத்தன கொழுந்து எடுத்திருப்பேன்?"

முப்பத்தெட்டு வருசம். கணக்குப்படி இருபத்தெட்டு கோடிக்கு மேல் வந்தது. பிள்ளைப்பேற்றுக்காக நின்ற மாதங்கள், வேலைநிறுத்த நாட்கள், அந்தக் காலத்தில் குறைவாக எடுத்த கிலோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் குறைக்கச் சொன்னார். கறாராகக் குறைத்தார், ஒரு கொழுந்துகூடப் பொய்யாகச் சேர்ந்துவிடக் கூடாது என்கிற மாதிரி. எவ்வளவு குறைத்தும் இருபது கோடிக்குக் கீழே போகவில்லை.

"அப்ப அந்த நாலு கோடி?"

"அத மாதிரி கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு, அத்தை."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். கறை ஏறிய பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். நாலு கோடி எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் நான் போனேன். இங்கே ஒருவர் அதை ஐந்து தடவை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக் கூடையில் போட்டிருக்கிறார். அதை நான் பெருக்கிப் பார்த்ததே இல்லை. துணிக்கடையில் வளர்ந்தவளுக்கு அந்த நினைப்பு வந்ததும் இல்லை. என்னவோ வெட்கமாக இருந்தது.

"இத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றார். இருபது கோடி என்று இலக்கத்திலும் எழுத்திலும் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நடந்ததை மேல் லயத்து அக்காதான் எனக்கு போனில் சொன்னார். அத்தை நிறுத்துக் கொடுத்த கொழுந்தில் முற்றின இலையும் தண்டும் கலந்திருக்கிறது என்று இளம் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டாராம். பாதி நாள் சம்பளம்தான், அரைப்பேர்தான் போடுவேன் என்றாராம். அத்தை அந்தத் தாளை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"தம்பி, நான் இதுவரைக்கும் இருபது கோடிக் கொழுந்து எடுத்தவ. எங்க மருமக டீச்சர் கணக்குப் போட்டுக் குடுத்திருக்கு. அதுல நீங்க இன்னைக்குப் பாக்குறது முப்பதாயிரந்தான்."

அந்தப் பையன் தாளை வாங்கிப் பார்த்து, போனை எடுத்து அங்கேயே பெருக்கிப் பார்த்தாராம். "கணக்கு சரிதாங்கக்கா. ஆனா இது தண்டுதான்" என்றாராம். அரைப்பேர்தான் விழுந்தது. ஆனால் அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும்போது அத்தை முன்னால் நடந்தார் என்றும், பின்னால் வந்த பெண்களெல்லாம் தங்களுக்கும் எத்தனை கோடி என்று கேட்டு நச்சரித்தார்கள் என்றும் அக்கா சொன்னார். அந்தத் தீபாவளிக்கு நால்வரும் எங்கள் அப்பா கடையில் ஒரே நிறத்தில் சேலை எடுத்தார்கள். அப்பா விலையைக் குறைத்துக் கொடுத்தார், நான் சொல்லாமலே.

எனக்கு மட்டும் அந்தத் தண்டு விஷயம் மனதில் குத்தியது. முப்பத்தெட்டு வருசம் எடுத்த கைக்கு முற்றல் எது, தளிர் எது என்று தெரியாமல் போகுமா? பாயில் மூன்று தடவை தப்பாக எண்ணியதும் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட விடுமுறையில் அவரைப் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. வலது கண்ணில் அதிகம். ஒப்பரேஷன் செய்து உள்ளே சின்ன வில்லை வைத்தால் சரியாகிவிடும் என்றார் டொக்டர். நல்ல மனிதர், பொறுமையாகச் சிங்களத்தில் விளக்கினார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆபத்து ஏதும் உண்டா என்று கேட்டேன். பயப்பட ஒன்றுமில்லை, ஆயிரம் பேருக்குச் செய்தால் ஒருவருக்குப் பெரிய சிக்கல் வரலாம் என்றார்.

அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். அங்கேதான் வந்தது வினை.

"அப்ப வேணாம்" என்றார் அத்தை. எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "அத ஏன் சொன்ன? ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?" ஒன்றும் ஆகாது என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர் கண். ஆனால் ஒரு மாதம் அத்தை பிடி கொடுக்கவில்லை. கீழ் லயத்தில் ஒரு பெண்ணுக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு கண் தெரியாமல் போன பழைய கதை ஒன்றைத் தினமும் சொன்னார். மலையில் அரைப்பேர் கூடிக்கொண்டே போனது. ஒரு நாள் தண்ணீர்க் கான் தாண்டும்போது கால் தவறி விழுந்து முழங்காலில் தோல் உரிந்தது.

அந்தக் காயத்துக்கு மருந்து போட நான் போயிருந்தபோது, அடுப்படியில் உட்கார்ந்து அவர் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். அவரே ஆரம்பித்தார்.

"ஆயிரம் கொழுந்துன்னா முக்காக் கிலோகூட வராது, டீச்சர்."

"ஆமா அத்தை."

"அது நான் கால் மணி நேரத்துல எடுத்துருவேன். ஒவ்வொரு கால் மணி நேரத்துலயும் ஒரு செவப்பு நூல் கைல வரும்னு நெனச்சுப் பாத்தேன். ரொம்பக் கிட்ட இருக்கிற மாதிரி இருக்கு. அதான் பயம்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் பயத்துக்குக் காரணம் கணக்குப் புரியாதது என்று நான் நினைத்திருந்தேன். என்னைவிட நன்றாகவே புரிந்து வைத்திருந்தார்.

"நீங்க கால் மணி நேரம் எடுக்கப் போறதில்லயே அத்தை. அந்த முக்காக் கிலோவுல ஒரே ஒரு கொழுந்துதானே எடுக்கப் போறீங்க?"

யோசித்தார். கை மாவிலேயே இருந்தது.

"ஒப்பரேஷன் பண்ணாம அப்படியே விட்டா? அப்ப ஆயிரத்துல எத்தன?"

இந்தக் கேள்வியை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஆயிரத்துல ஆயிரமும்" என்றேன். "எல்லாக் கொழுந்துலயும் செவப்பு நூல்தான், அத்தை. கொஞ்சம் கொஞ்சமாத் தெரியாமத்தான் போகும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வர, மாவுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாலு கோடில ஒண்ணு எனக்கு விழும்னு நம்பி வாரா வாரம் சீட்டு வாங்கினேன். ஆயிரத்துல ஒண்ணு விழுந்துருமோன்னு ஒரு மாசமா சோறு எறங்கல. எனக்கெல்லாம் என்னா மூளை டீச்சர்!"

"எல்லாருக்கும் அந்த மூளைதான் அத்தை. எனக்கும்."

சொல்வதற்கு எளிது. ஒப்பரேஷன் நாளன்று அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போன பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும் எனக்கு ஆயிரம் என்பது சின்ன இலக்கமாகத்தான் தெரிந்தது. மேல் லயத்து அக்கா வேலையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தீபாவளிச் சேலை கட்டியிருந்தார். "ஒண்ணும் ஆகாது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கு நான் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் வலது கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். அத்தை கண்ணை மெதுவாகத் திறந்து, நர்ஸைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னம்மா இது, உனக்கு நெத்தியில இவ்வளவு நரையா? எம்மகன் உன்ன ஒழுங்காப் பாத்துக்குறானா இல்லையா?"

டீச்சர் என்று சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனால் அழுகை வந்தது அதற்காகத்தானா என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அத்தை நடந்தது பெரிய இடத்து அம்மா மாதிரி இருந்தது. குடைக்குக் கீழே இருந்த சீட்டுக்கார ஐயா, "எங்க அக்கா இத்தன நாளா காணல?" என்று கேட்டார். அத்தை பலகைக்கு முன்னால் நின்று கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி இலக்கங்களைப் படித்தார். முன்பெல்லாம் அந்த ஐயாதான் வாசித்துச் சொல்வாராம். அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"இந்த ஒண்ணு குடுங்க" என்று ஒன்றைத் தொட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒரு கொழுந்துதானே" என்றார்.

எவ்வளவு சின்னது என்று தெரிந்தே வாங்குகிறவருக்கு நான் என்ன படிப்பிக்க? எத்தனையோ பேர் அது தெரியாமல்தான் வாங்குகிறார்கள். வாரம் ஒன்று, நாலு பேருக்கும் சேர்த்து. அதற்குமேல் இன்று வரை போகவில்லை. சின்னப் பரிசுகூட இன்னும் விழவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைத்தேன். பசறை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தார். ஏதோ உருக்கமாகச் சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"அந்த மலையப் பாரும்மா" என்றார். "கொழுந்து அப்படியே முத்திப்போய்க் கெடக்கு. ஆளு அனுப்பவே இல்ல. எந்தக் கங்காணியோ தெரியல, தூங்குறான்."